திருகோணமலையில் தொழில் செய்பவருக்கு எந்தப் புத்தகம் தேறும்: இணையத்தளம், விளம்பரம், கணக்கு

இந்தத் துறைப் புத்தகங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எழுதப்பட்டவை. எழுதியவர்கள் சில விஷயங்களைச் சொல்லாமலே முடிவு செய்துகொள்கிறார்கள்: வாடிக்கையாளர் கையில் கடனட்டை இருக்கிறது, அவர் தினமும் மின்னஞ்சல் பார்க்கிறார், பன்னிரண்டு மாதமும் வியாபாரம் ஓடுகிறது, எழுதுவதெல்லாம் ஆங்கில எழுத்தில். உப்புவெளியில் ஆறு அறை வைத்து விடுதி நடத்துபவருக்கும், மூதூரில் இருந்து கருவாடு அனுப்புபவருக்கும், டவுனில் தையல் கடை வைத்திருப்பவருக்கும் இந்த நான்கில் ஒன்றுகூட முழுதாகப் பொருந்தாது. ஆகவே ஒரு புத்தகம் உலகப் புகழ் பெற்றதா என்பதைவிட, இந்த நான்கையும் கழித்த பிறகு அதில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் இங்கே அளவுகோல். சில பெரிய பெயர்கள் இந்த வடிகட்டலில் நிற்பதில்லை. நூறு வருடப் பழைய புத்தகம் ஒன்று நன்றாகவே நிற்கிறது.

இணையத்தளம் பற்றி ஒன்றே ஒன்று என்றால் ஸ்டீவ் க்ரக் எழுதிய ‘டோன்ட் மேக் மீ திங்க்’. முதலில் வந்தது 2000இல். வாங்குவதானால் 2014இன் மூன்றாம் பதிப்பைப் பாருங்கள். கைத்தொலைபேசிக்கான அத்தியாயம் அதில்தான் சேர்ந்தது. ஏறக்குறைய இருநூறு பக்கம், நிறையப் படம், ஒரு போயா விடுமுறையில் முடித்துவிடலாம்.

மக்கள் பக்கத்தை வாசிப்பதில்லை, மேலோட்டமாகக் கண்ணை ஓட்டுகிறார்கள் என்பதில் இருந்து க்ரக் தொடங்குகிறார். இருப்பதில் சிறந்ததைத் தேடுவதும் இல்லை. ஓரளவு சரியாகத் தெரியும் முதல் இணைப்பை அழுத்திவிடுகிறார்கள். தளம் எப்படி வேலை செய்கிறது என்று விளங்கிக்கொள்ள முயல்வதும் இல்லை, எப்படியோ தடவித் தடவிச் சமாளிக்கிறார்கள். இதை ஒத்துக்கொண்டால் “எங்கள் விடுதி பற்றி” என்று நான்கு பந்தி எழுதி முகப்பில் வைக்கும் பழக்கம் தானாக விழுந்துவிடும். சொற்களில் பாதியை வெட்டு, மிஞ்சியதில் இன்னும் பாதியை வெட்டு என்பது அவருடைய விதி. தமிழில் இது இன்னும் அவசியம். “தங்களை அன்புடன் வரவேற்பதில் பெருமகிழ்ச்சி அடைகின்றோம்” என்ற ஒரு வரியே சின்னத் திரையின் மேல்பாதியைப் பிடித்துக்கொள்ளும். அறை விலை கீழே போய்விடும்.

புத்தகத்தில் உடனே பயன்படுவது இரண்டு. ஒன்று, கார் டிக்கிச் சோதனை. ஒருவரின் கண்ணைக் கட்டி டிக்கியில் போட்டுச் சுற்றிவிட்டு, தளத்தின் உள்பக்கம் ஒன்றில் இறக்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இது யாருடைய தளம், இது எந்தப் பக்கம், முக்கியப் பிரிவுகள் எவை, இந்த இடத்தில் என்ன தெரிவுகள் உண்டு, மொத்தத்தில் நான் எங்கே நிற்கிறேன், எங்கே தேடலாம் என்ற ஆறு கேள்விக்கும் அவருக்குச் சட்டென்று பதில் கிடைக்க வேண்டும். கூகுளில் புறாத்தீவுப் படகு என்று தேடுபவர் உங்கள் முகப்புப் பக்கத்துக்கு வருவதில்லை, நேரே படகுப் பக்கத்துக்கு வருகிறார். அங்கே விடுதியின் பெயரும் இல்லை, நிலாவெளி என்ற சொல்லும் இல்லை, அழைக்க இலக்கமும் இல்லை என்றால் அவர் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்.

மற்றது, பயன்பாட்டுச் சோதனை. மாதத்துக்கு ஒரு காலைப்பொழுது, மூன்று பேர், ஒவ்வொருவராக. ஆய்வுகூடம் வேண்டாம். இங்கே செய்வதானால்: தளத்தை முன்பின் பாராத ஒருவரிடம் அவருடைய போனையே பாவிக்கச் சொல்லுங்கள், வைபையை நிறுத்தி டேட்டாவில் திறக்கச் சொல்லுங்கள். வேலை இரண்டு கொடுத்தால் போதும்: “ஜூலை 14 இரவுக்கு இரண்டு பேருக்கு அறை என்ன விலை?”, “பஸ் ஸ்டாண்டில் இருந்து எப்படி வருவது?” மனதில் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். “அந்தப் பட்டனை அழுத்துங்க” என்று வாய் திறந்தால் சோதனை கெட்டுவிட்டது. சோதிக்கப்படுவது தளம், அவர் அல்ல என்பதை முதலே சொல்லிவிடுவது நல்லது; இல்லாவிட்டால் நம் ஆட்கள் தங்களுக்குத்தான் விளங்கவில்லை என்று வெட்கப்பட்டுச் சும்மா தலையாட்டுவார்கள்.

இப்படிச் சோதித்தால் திரும்பத் திரும்பச் சிக்குவன இவை. தொலைபேசி இலக்கம் படத்துக்குள் இருக்கும், அழுத்தினால் அழைப்புப் போகாது. விலைப்பட்டியல் பீடிஎஃப் கோப்பாக இருக்கும், போனில் இறக்கித் திறக்கப் பொறுமை இராது. விலையே இராது, “விலைக்குத் தொடர்புகொள்க” என்று இருக்கும். இந்தக் கடைசிக் குணத்தைப் பற்றிக் க்ரக் தனியாகவே எழுதுகிறார்: விலையையும் தொலைபேசி இலக்கத்தையும் மறைக்கும் தளம், வருபவர் மனதில் இருக்கும் நல்லெண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது.

அவர் சொல்லாதது மும்மொழித் தளம். அதை நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். மொழி மாற்றும் பட்டனில் ஒவ்வொரு மொழியின் பெயரும் அந்த மொழியின் எழுத்திலேயே இருக்கட்டும், கொடிப்படம் வேண்டாம். மொழியை மாற்றினால் அதே பக்கம் மற்ற மொழியில் வர வேண்டும்; முகப்புக்குத் தூக்கி எறியக் கூடாது.

தளத்தைக் கையால் கட்டக் கற்பதற்கு ஜோன் டக்கெட்டின் ‘எச்டிஎம்எல் அண்ட் சிஎஸ்எஸ்’ இன்னும் பரிந்துரைக்கப்படுகிறது. எச்டிஎம்எல் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும், சிஎஸ்எஸ் அது எப்படித் தெரிய வேண்டும் என்பதையும் எழுதும் குறிமொழிகள். 2011இல் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் வண்ணம், ஒரு பக்கத்தில் ஒரே விஷயம், குறிமுறையும் அதன் விளைவும் அருகருகே. தொடக்கநிலைக்கு இதைவிடத் தெளிவாக அச்சிட்ட புத்தகம் அரிது. ஆனால் வயதாகிவிட்டது. அசையும் படத்துக்கும் காணொளிக்கும் முன்பு பாவித்த ஃபிளாஷ் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது, ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31உடன் செத்துப்போனது. அந்தப் பகுதியைத் தாண்டுங்கள். பக்க அமைப்பை ஃப்ளோட் என்ற பழைய சிஎஸ்எஸ் முறையாலும் 960 பிக்செல் அகலக் கட்டத்தாலும் கற்பிக்கிறது. அதை அப்படியே செய்தால் 360 பிக்செல் அகலமுள்ள போனில் பக்கம் எறும்பு அளவு தெரியும், அல்லது பக்கவாட்டில் இழுக்க வேண்டிவரும். எழுத்து, பட்டியல், இணைப்பு, படம், அட்டவணை, படிவம் ஆகிய அத்தியாயங்களை மட்டும் இதில் படித்துவிட்டு, திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கத்தை அமைக்க உதவும் ஃப்ளெக்ஸ்பொக்ஸ், கிரிட், மீடியா குவெரி, வியூபோர்ட் மெட்டா டேக் நான்கையும் மொஸில்லாவின் எம்டிஎன் என்ற இலவச இணைய வழிகாட்டியில் படித்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளை நகல் கிடைத்தால் வாங்க வேண்டாம். இந்தப் புத்தகத்தின் விளக்கமே நிறத்தில்தான் இருக்கிறது.

ஆங்கிலம் சிரமம் என்றால் கணியம் வெளியீடாக வந்த ‘எளிய தமிழில்’ வரிசையில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டுக்கும் நூல் உண்டு. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இலவசமாக இறக்கலாம். தமிழ்நாட்டுச் சொற்கள் சிலது புதிதாக இருக்கும், தடையாக இராது. ஜெரமி கீத் 2016இல் எழுதிய ‘ரெசிலியன்ட் வெப் டிசைன்’ இணையத்திலேயே இலவசம். குறிமுறை கற்பிக்காது, இணைப்பு அறுந்தாலும் பழைய போனாலும் தளம் எதையாவது காட்ட வேண்டும் என்ற எண்ணத்தை மண்டையில் ஏற்றும். டேட்டா சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் கடற்கரையில் தளம் பார்க்கப்படும் ஊருக்கு அது தேவை.

இனி அழகு. அடம் வதனும் ஸ்டீவ் ஷோகரும் 2018இல் தாங்களே வெளியிட்ட ‘ரிஃபக்டரிங் யூஐ’ வடிவமைப்பாளர் அல்லாதவர்களுக்காக எழுதப்பட்டது. முதலில் கறுப்பு வெள்ளையில் வடிவமை, நிறத்தைக் கடைசியில் பூசு. இடைவெளிகளை நினைத்தபடி போடாதே. 4, 8, 12, 16, 24, 32, 48, 64 என்பது போல ஒரு வரிசையை வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே நில். முக்கியத்துவத்தைக் காட்ட எழுத்தைப் பெருக்கிக்கொண்டே போகாதே, தடிப்பையும் நிறத்தையும் பாவி. இப்படி ஒவ்வொன்றும் சில பக்கங்களில், முன் பின் படத்தோடு. இலங்கை ரூபாயில் பார்த்தால் விலை கனதி, வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அனுமதியுள்ள அட்டையும் வேண்டும். பிறருக்குத் தளம் செய்து கொடுப்பதைத் தொழிலாக வைத்திருப்பவர் வாங்கலாம். தன் கடைக்கு ஒரு தளம் மட்டும் வேண்டுபவருக்கு அவசியம் இல்லை.

வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் உள்ள எழுத்து விதிகள் எல்லாம் ஆங்கில எழுத்துக்கு. தமிழுக்கு அப்படியே போட்டால் என்ன ஆகும் என்பது இந்தப் புத்தகங்களில் இல்லாததால் இங்கே கொஞ்சம் விரிவாக.

வரிக்கு 45 முதல் 75 எழுத்து என்பது அவர்கள் கணக்கு. தமிழ் எழுத்து அகலம் கூடியது. அதே எண்ணிக்கை வைத்தால் வரி நீண்டு கண் தடுமாறும். 35க்கும் 50க்கும் இடையில் நிறுத்துங்கள். வரி உயரம் 1.5 என்றால் மேல்வரியின் ‘கு’, ‘ழு’ ஆகியவற்றின் வாலும் கீழ்வரியின் ‘கீ’, ‘ரி’ ஆகியவற்றின் கொம்பும் முட்டிக்கொள்ளும், 1.7 வையுங்கள். சின்னத் தலைப்புகளை முழுப் பெரிய எழுத்தில், எழுத்திடைவெளி விட்டுப் போடும் ஆங்கில உத்தி தமிழில் கிடையாது. நம்மிடம் பெரிய எழுத்தே இல்லை, இடைவெளி விட்டால் ‘கொ’வின் மூன்று துண்டும் தனித்தனியே நின்று வாசிப்பைக் கெடுக்கும். தடிப்பால் முக்கியத்துவம் காட்டும் உத்திக்கு, தடித்த வடிவம் உண்மையாகவே உள்ள எழுத்துரு வேண்டும். இல்லாவிட்டால் உலாவி தானே கோட்டைத் தடிப்பாக்கும். அப்போது ‘ணை’, ‘ஞ’ ஆகியவற்றின் உள்வட்டங்கள் அடைத்துப்போகும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவில் மெல்லியதில் இருந்து மிகத் தடித்தது வரை உண்டு, இலவசம். பட்டனின் அகலத்தை நிரந்தரமாகக் கட்டிவைக்காதீர்கள். ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடிவது தமிழில் “முன்பதிவு செய்யுங்கள்” ஆகிறது.

அதைவிடப் பெரிய தலைவலி பாமினி என்ற பழைய எழுத்துரு: இன்றைய கணினிகளுக்குப் பொதுவான யுனிகோட் முறையில் இல்லாமல், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டுவது. அச்சகத்தில் நோட்டீஸுக்கும் மெனுவுக்கும் அடித்துக் கொடுத்த கோப்பு பெரும்பாலும் பாமினியில் இருக்கும். அதைக் கொப்பி எடுத்துத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக விழும். பாமினி எழுத்துருவையே தளத்தில் ஏற்றிச் சமாளிப்பவர்கள் உண்டு. பார்வைக்குச் சரி, ஆனால் கூகுளுக்கு அது தமிழே இல்லை, எவரும் தேடி வரமாட்டார்கள். யுனிகோட் மாற்றியில் போட்டு எடுத்து, பிறகு எண்களையும் நிறுத்தக்குறிகளையும் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள்.

விளம்பரத்துக்கு வருவோம். நூறு வருடப் பழையது என்று மேலே சொன்னது கிளாட் ஹொப்கின்ஸின் ‘சயன்டிஃபிக் அட்வர்டைசிங்’. 1923இல் வெளியானது; அமெரிக்காவில் காப்புரிமைக் காலம் முடிந்து 2019இல் பொதுவுடைமையானது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சின்னஞ்சிறு புத்தகம். விளம்பரம் என்பது அச்சில் நிற்கும் விற்பனையாளன், அவன் விற்றானா இல்லையா என்பதே கேள்வி என்கிறார். ஒவ்வொரு விளம்பரத்திலும் வெவ்வேறு குறி போட்ட கூப்பன் வைத்து, எது எத்தனை பேரைக் கொண்டுவந்தது என்று எண்ணியவர் அவர். அந்தக் கூப்பனை வாட்ஸ்அப் செய்தியாக மாற்றினால் போதும், முழு முறையும் இன்றைக்கு வேலை செய்யும்.

செய்முறை: ஃபேஸ்புக்கில் இரண்டு விளம்பரம். படமும் விலையும் விளம்பரம் காட்டப்படும் ஆட்களும் இரண்டிலும் ஒன்றே. தலைப்பு மட்டும் வேறு. முதலாவதில் “‘கடல் 1’ என்று அனுப்புங்கள்”, மற்றதில் “‘கடல் 2’ என்று அனுப்புங்கள்”. ஒவ்வொன்றுக்கும் 3,000 ரூபாய் போட்டதாக வைப்போம். முதலாவதுக்கு 12 விசாரிப்பு, 2 முன்பதிவு. இரண்டாவதுக்கு 5 விசாரிப்பு, 3 முன்பதிவு. விசாரிப்பை எண்ணினால் முதலாவது வென்றது. ஒரு முன்பதிவுக்கான செலவு பார்த்தால் முதலாவதுக்கு 1,500, இரண்டாவதுக்கு 1,000. லைக் எண்ணிக்கையைக் காட்டிப் பில் போடும் ஆளிடம் கேட்க வேண்டிய கணக்கு இதுதான். இரண்டும் மூன்றும் சின்ன எண்கள், ஆகவே ஒரு தடவையோடு முடிவெடுக்காமல் மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் படத்தையும் விலையையும் மாற்றினால் எதனால் கூடியது என்று ஒருக்காலும் தெரியவராது.

குறிப்பாகச் சொல் என்பது அவருடைய மற்ற முக்கியப் பாடம். “சுத்தமான பியர்” என்று எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது, போத்தலை இயந்திரத்தில் நான்கு தடவை கழுவுவதையும் வடிகட்டிய காற்றில் பியரைக் குளிர வைப்பதையும் விவரித்த விளம்பரத்தை உதாரணம் காட்டுகிறார். “தரமான, சுவையான கருவாடு” என்பது ஒன்றும் சொல்லாத வரி. என்ன மீன், எத்தனை கிலோ மீனுக்கு எவ்வளவு உப்பு, மணலில் அல்லாமல் உயரக் கட்டிய வலையில் எத்தனை நாள் காய்ந்தது, பொதியின் நிகர எடை என்ன என்பவற்றை எழுதினால் கொழும்பில் இருந்து ஓர்டர் போடுபவருக்குச் சந்தேகம் தீரும். புத்தகத்தில் உள்ள உடல்நலம், பற்பசை பற்றிய உரிமைகோரல்களை நம்ப வேண்டாம். அந்தக் காலத்து விளம்பரக்காரர் விற்கத் தெரிந்தவர், வைத்தியர் அல்ல.

ரொபர்ட் சியால்டினியின் ‘இன்ஃப்ளுவென்ஸ்’ 1984இல் வந்தது. 2021இன் விரிவான பதிப்பில் ஆறு கோட்பாடுகள் ஏழாகின. மனிதர் ஏன் சம்மதிக்கிறார்கள் என்பதை ஆய்வுகளோடு சொல்லும் நல்ல புத்தகம். அதைப் படித்துவிட்டுச் செய்யப்படும் காரியங்கள்தான் மோசம். டிசம்பரில் மழை கொட்டி, கடல் கொந்தளித்து, படகே ஓடாத நேரத்தில் “இன்னும் 2 அறை மட்டுமே!” என்று போடும் நிலாவெளி விடுதியை யார் நம்புவார்? அவர் சொல்லும் கோட்பாடுகளில் ஒன்றான தட்டுப்பாட்டைக் காட்டுவது, உண்மையாகவே தட்டுப்பாடு இருக்கும் போதுதான் பலிக்கும். திமிங்கிலம் பார்க்கும் படகில் பத்துப் பேருக்குத்தான் இடம் என்றால் அதைச் சொல்லுங்கள், அது உண்மை.

பைரன் ஷார்ப்பின் ‘ஹவ் பிரான்ட்ஸ் குரோ’ (2010) கொஞ்சம் வறண்டது. பெரிய நிறுவனங்களின் சவர்க்காரம், பானம் போன்ற பொருட்களின் தரவை வைத்து எழுதப்பட்டது என்பதால் சின்னக் கடைக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் ஒரு கருத்துக்காகப் புரட்டலாம்: வளர்ச்சி பெரும்பாலும் எப்போதாவது வாங்குபவர்களிடம் இருந்து வருகிறது, ஆகவே நினைவில் நிற்பதும் கைக்கெட்டுவதும் முக்கியம். விடுதித் தொழிலில் பெரும்பாலானோர் ஒரே தடவை வருகிறவர்கள். கூகுள் வரைபடத்தில் புள்ளி சரியான ஒழுங்கையில் குத்தியிருக்கிறதா, திறக்கும் நேரம் சரியா, இலக்கம் இப்போதும் பாவனையில் உள்ளதா என்ற மூன்றையும் சரிபார்ப்பது எந்த விசுவாச அட்டைத் திட்டத்தையும்விட மேல்.

செத் கோடினின் ‘பெர்மிஷன் மார்க்கெட்டிங்’ (1999) சொல்வது ஒரே விஷயம்: கேட்டு அனுமதி பெற்ற ஆளுக்கே செய்தி அனுப்பு. முன்னுரையோடு நிறுத்திக்கொண்டாலும் நட்டமில்லை. அவர் மின்னஞ்சலை நினைத்து எழுதினார். இங்கே வாட்ஸ்அப், எஸ்எம்எஸ். வாட்ஸ்அப் ப்ரோட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை. உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் செய்தி போகும். பில் கொடுக்கும்போதே “எங்கட நம்பரை சேவ் பண்ணிக்கொள்ளுங்க” என்று சொல்வது அதனால்தான் பயன். எஸ்எம்எஸ் என்றால் ஆங்கிலத்தில் 160 குறிகள், தமிழில் 70 மட்டுமே, அதைத் தாண்டித் தொடர்செய்தியானால் துண்டுக்கு 67. கண்ணுக்குத் தெரியும் எழுத்தைக் கணக்கிடக் கூடாது: திருகோணமலை பார்வைக்கு ஆறெழுத்து, கணினிக்குப் பத்துக் குறி. இது தெரியாமல் நீளமாக எழுதி ஆயிரம் பேருக்கு அனுப்பினால் மூவாயிரம் செய்திக்குக் காசு போகும். அனுமதி கேட்பது இப்போது மரியாதை மட்டும் அல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைப் பற்றிப் பேசுகிறது.

பிலிப் கொட்லரின் தடித்த சந்தைப்படுத்தல் பாடநூலை கோணேசபுரி வளாகத்தில் வணிகம் படிக்கும் மாணவர்களுக்கு விட்டுவிடலாம். பரீட்சைக்கு வேண்டும், கடைக்கு வேண்டாம்.

தொழில் பற்றிய புத்தகங்களில் முதலிடம் ரொப் ஃபிட்ஸ்பட்ரிக்கின் ‘த மொம் டெஸ்ட்’ (2013). நூற்று முப்பது பக்கம் அளவு. புதிய தொழில் யோசனையை அம்மாவிடம் சொன்னால் அவர் நல்லது என்றுதான் சொல்வார். பொய் சொல்லவே இடம் கொடுக்காத கேள்விகளைக் கேட்பது எப்படி என்பதுதான் புத்தகம். விதிகள் மூன்று. உங்கள் யோசனையைப் பேசாதீர்கள், அவர்கள் வாழ்க்கையைக் கேளுங்கள். வருங்காலத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். குறைவாகப் பேசி நிறையக் கேளுங்கள்.

முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வதை மரியாதைக் குறைவாக எண்ணும் நம் ஊரில் இது இரட்டிப்புப் பயன். “அண்ணா, வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து தாற ஆப் ஒன்று செய்யப்போறன், பாவிப்பீங்களா?” என்று கேட்டால் “ஓம் தம்பி, நல்ல விஷயம், செய்யுங்க” என்றுதான் பதில். அதை நம்பிக் கடன் எடுத்தால் தொலைந்தீர்கள். “அண்ணா, கடைசியா எப்ப கடைச் சாப்பாடு எடுத்தீங்க? ஆர் போய் எடுத்தது? எவ்வளவு முடிஞ்சது? அதுக்கு முதல்?” என்று கேளுங்கள். “மாசத்துக்கு ஒருக்கா, மகன் மோட்டச்சைக்கிள்ல போய் எடுத்துக்கொண்டு வருவான்” என்று பதில் வந்தால் உங்களுக்கு அங்கே வேலை இல்லை என்று தெரிந்துவிடும். பாராட்டை ஒரு தரவாகவே எழுதக் கூடாது என்கிறார். காசு, நேரம், தன் பெயர் மூன்றில் ஒன்றையாவது அவர் தர முன்வந்தாரா என்பதையே எழுத வேண்டும். முற்பணம் ஐந்நூறு ரூபாய் தந்தவர், வாயாரப் புகழ்ந்த இருபது பேரைவிடப் பெரிய சான்று. உதாரணங்கள் பெரும்பாலும் மென்பொருள் விற்பவர்களுடையவை, அது மட்டும் குறை.

எரிக் ரீஸின் ‘த லீன் ஸ்டார்ட்அப்’ (2011) இதே திசையில் போகும் பெரிய புத்தகம். மொம் டெஸ்டைப் படித்துச் செய்தவருக்கு அவசரமில்லை.

மைக்கல் கெர்பரின் ‘த ஈ-மித் ரிவிசிட்டட்’ (1995) நல்ல கைவினைஞன் ஏன் தொழிலில் சறுக்குகிறான் என்று கேட்கிறது. பை சுடத் தெரிந்த சாரா என்ற பெண் கடை போட்டு, அந்தக் கடைக்கே அடிமையாகிப்போவதைக் கதையாக ஓட்டுகிறார். உரையாடல் இழுவை; பாதிப் புத்தகத்தை வேகமாகப் புரட்டலாம். நிற்க வேண்டிய இடம், வேலைகளை எழுதிவைக்கும் பகுதி. விடுதிக்கு அதை இப்படிச் செய்யலாம்: விருந்தினர் போன பிறகு அறையை ஆயத்தம் செய்யும் வேலையை வரிசையாக ஒரு தாளில் எழுதி, கதவின் உள்பக்கம் ஒட்டி, வேலைக்கு வந்து முதல் நாளான ஒருவரை அதை மட்டும் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் தாளில் விடுபட்ட ஒரு வரி. ஏசி ரிமோட் எங்கே வைப்பது, மணல் படிந்த குளியலறை வடிகாலை எப்போது திறந்து கழுவுவது போன்றவை அப்போதுதான் வெளியே வரும்.

காசுக் கணக்குக்கு மைக் மிக்கலோவிட்ஸின் ‘ப்ரொஃபிட் ஃபர்ஸ்ட்’. விற்பனையில் செலவைக் கழித்து மிஞ்சுவது இலாபம் என்பதைப் புரட்டி, விற்பனையில் இலாபத்தை முதலில் எடுத்துவிட்டு மிஞ்சியதில் செலவழி என்கிறார். வருமானம், இலாபம், முதலாளி சம்பளம், வரி, நடைமுறைச் செலவு என்று ஐந்து வங்கிக் கணக்கு. மாதம் 10ஆம் 25ஆம் திகதிகளில் வருமானக் கணக்கில் சேர்ந்ததைப் பிரித்துப் போடுவது. மிகச் சிறிய தொழிலுக்கு அவர் காட்டும் இலக்கு இலாபம் 5, சம்பளம் 50, வரி 15, செலவு 30 விழுக்காடு. இந்த எண்களை இங்கே அப்படியே எடுக்க வேண்டாம். பொருள் வாங்கி விற்கும் கடைக்குக் கொள்முதல் காசை முதலில் கழிக்க வேண்டும், வரிக்கு உங்கள் கணக்காளரைக் கேட்க வேண்டும். முதலில் ஒரு விழுக்காட்டை ஒதுக்கிப் பழகு என்ற அறிவுரைதான் எடுத்துக்கொள்ளத் தக்கது. முதலாளியின் சம்பளம் தனிக் கணக்கு என்பது அதைவிட முக்கியம். கல்லாவில் இருந்து வீட்டுச் செலவுக்கு எடுக்கும் பழக்கம் இருக்கும் வரை எந்தக் கணக்கும் நிற்காது.

அவருடைய முறையில் ஓட்டை எங்கே என்றால், பருவம். நமது கரையில் கடல் அமைதியாக இருப்பது ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. வடகீழ்ப் பருவமழையில் அறைகள் காலி. ஆகவே ஆறாவதாக ஒரு மழைக்காலக் கணக்கு வேண்டும். வேலையாள் சம்பளம், மின்சாரம், கடன் தவணை எல்லாம் சேர்த்து மாதம் 60,000 ரூபாய் நிச்சயச் செலவு, ஆறு மாதம் வருமானம் குறைவு என்று வைத்தால் 3,60,000 வேண்டும். பருவத்தில் மொத்த வரவு 18,00,000 என்றால் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் இருபது அந்தக் கணக்குக்குப் போக வேண்டும். ஜூலையில் கை நிறையக் காசு புழங்கும்போது புதுத் தளபாடம் வாங்கிவிட்டு ஜனவரியில் நகை அடகு வைப்பதைத் தடுக்கும் கணக்கு இது. பொருட்பாலின் 461ஆம் குறள், அழிவதையும் ஆவதையும் பின் வழிபயக்கும் ஊதியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. மிக்கலோவிட்ஸ் மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு புத்தகம் முழுக்கப் போகிறார். ஐந்தாறு கணக்குக்கும் குறைந்தபட்ச மீதி, வருடக் கட்டணம் எவ்வளவு என்று வங்கியில் கேட்டுவிட்டுத் திறவுங்கள். கட்டணம் கூடினால் இரண்டு வங்கிக் கணக்கும் ஒரு சிஆர் கொப்பியும் போதும்.

பிறருக்குத் தளம் செய்து கொடுப்பவருக்கு மைக் மொன்டேரோவின் ‘டிசைன் இஸ் எ ஜொப்’ (2012). வடிவமைப்பைப் பற்றி ஒரு வரி இல்லை என்றே சொல்லலாம். விலை சொல்வது, ஒப்பந்தம், காசு வாங்குவது பற்றித்தான். அமெரிக்கச் சட்ட விவரங்களைத் தள்ளிவிட்டு, எழுத்தில் இல்லாத வேலையைத் தொடங்காதே என்பதை எடுங்கள். ஒரு பக்க ஒப்பந்தம் போதும்: எத்தனை பக்கம், எத்தனை மொழி, எத்தனை தடவை திருத்தம், படமும் எழுத்தும் தருவது யார், எந்தத் திகதிக்குள். காசு 40, 30, 30 என மூன்று தடவை. கடைசி முப்பது தளத்தை ஏற்றுவதற்கு முன். வாடிக்கையாளர் மூன்று மாதம் படம் தராமல் இழுத்தால் வேலை அத்துடன் முடிந்ததாகக் கொள்ளப்படும் என்ற வரியையும் சேருங்கள். தளங்கள் பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் குறிமுறை அல்ல, வராத படங்கள்.

தளம் செய்விப்பவரும் இதே புத்தகத்தை மறுபக்கத்தில் இருந்து படிக்கலாம். டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். செய்தவர் பெயரில் இருந்தால், அவர் கட்டாருக்குப் போன வருடம் புதுப்பிப்பு அறிவித்தல் அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போகும், தளம் ஒரு நாள் காணாமல் போகும், பெயரை வேறொருவர் எடுத்தும்விடலாம். தளத்தின் கோப்புகள் வைக்கப்பட்டிருக்கும் ஹோஸ்டிங் கணக்கின் கடவுச்சொல், தளத்தின் முழுப் பிரதி இரண்டையும் கடைசித் தவணை கொடுக்கும் அன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கும் முறை பற்றி. இவற்றில் பலதைக் கொழும்புப் புத்தகக் கடைகளில் சொல்லிவைத்துத் தபாலில் எடுக்கலாம். பதிப்பு ஆண்டைக் கேட்டு உறுதிசெய்த பிறகே காசு போடுங்கள், க்ரக்கின் பழைய பதிப்பைத் தந்துவிடுவார்கள். எழுத்து மட்டும் உள்ள மொம் டெஸ்ட், ஈ-மித் போன்றவை மின்னூலாகப் போதும். டக்கெட்டை அச்சில்தான் வாங்க வேண்டும், ஆனால் அது பளபளப்பான தடித்த தாள்: கடற்கரை வீடுகளில் மழைக்கால ஈரத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டும், பிரித்தால் நிறம் உரியும். நவம்பருக்கு முன் பொலித்தீன் உறையில் போட்டு, சுவரோடு ஒட்டாத அலுமாரித் தட்டில் நிமிர்த்தி வையுங்கள்.